வாட்டர்லூ கோப்பை: நின்றுபோன ஒரு வேட்டைநாய்ப் போட்டி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாட்டர்லூ கோப்பை என்பது என்ன?

இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில், லிவர்பூல் நகருக்கு வடக்கே உள்ள கிரேட் ஆல்ட்கார் என்னும் சிற்றூரின் வயல்களில், 1836 முதல் 2005 வரை கிரேஹவுண்ட் நாய்களுக்காக நடத்தப்பட்டுவந்த போட்டியே வாட்டர்லூ கோப்பை. உயிருள்ள முயலை இரண்டு நாய்கள் துரத்த, எந்த நாய் அதிகத் திறமை காட்டியது என்பதை நடுவர் ஒருவர் குதிரை மேலிருந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் 'கோர்சிங்' என்னும் விளையாட்டின் உச்சப் பரிசாக இது மதிக்கப்பட்டது. குதிரைப் பந்தயத்தில் டெர்பிக்கு எந்த இடமோ, கோர்சிங்கில் இதற்கு அந்த இடம்.

அப்படியானால் இது ஓட்டப் பந்தயமா, வேட்டையா?

இரண்டுக்கும் நடுவில் இருந்தது. வேட்டையில் இரை கையில் கிடைத்தால்தான் பயன். ஓட்டப் பந்தயத்திலோ எல்லைக்கோட்டை முதலில் தொட்ட நாய் வெல்லும். கோர்சிங்கில் எல்லைக்கோடே கிடையாது. முயல் தப்பிப் போனாலும் போட்டி செல்லும். பெரும்பாலும் நாய்களில் ஒன்று வென்றதாகவே அறிவிக்கப்படும். முயல் எந்தப் பக்கம் திரும்பும் என்பது யாருக்கும் தெரியாதாகையால், ஒவ்வோர் ஓட்டமும் அதன் போக்கிலேயே உருவாயிற்று.

கிரேஹவுண்ட் மோப்பத்தை நம்பாமல் கண்ணை நம்பித் துரத்தும் நாய். ஆழ்ந்த மார்பு, ஒட்டிய வயிறு, நீண்ட கால்கள் ஆகிய அதே உடல்வாகுதான் நம் தென்மாவட்டங்களின் சிப்பிப்பாறை, கன்னி இனங்களுக்கும் இருக்கிறது. அந்த நாய்களைப் பார்த்துப் பழகியவர்களுக்குக் கிரேஹவுண்ட் எப்படி ஓடும் என்பதைத் தனியாக விளக்கவேண்டியதில்லை.

முயல் என்பதையும் தெளிவுபடுத்திவிட வேண்டும். ஆங்கிலேயர் இரண்டு பெயர்களால் அழைக்கும் இரண்டு விலங்குகளையும் தமிழில் நாம் முயல் என்றே சொல்கிறோம். இங்கே பேசப்படுவது வளை தோண்டி வாழும் சிறிய முயல் அன்று. திறந்த வயலில் படுத்துறங்கி, ஆபத்து வந்தால் ஓட்டத்தை மட்டுமே நம்பும் பெரிய பழுப்பு முயல். வளைக்குள் ஒளிந்துகொள்ளும் விலங்காக இருந்தால் இந்த விளையாட்டே பிறந்திருக்காது.

நெப்போலியன் தோற்ற வாட்டர்லூப் போருக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

நேரடித் தொடர்பு ஏதுமில்லை. 1815-ஆம் ஆண்டுப் போரின் நினைவாக இங்கிலாந்தில் எத்தனையோ தெருக்களுக்கும் பாலங்களுக்கும் விடுதிகளுக்கும் அந்தப் பெயர் வைக்கப்பட்டது. லிவர்பூலின் ரானலா தெருவில் இருந்த வாட்டர்லூ ஹோட்டல் அவற்றில் ஒன்று. அதன் உரிமையாளர் வில்லியம் லின் தொடங்கிய போட்டி என்பதால், போரின் பெயர் விடுதிக்கும், விடுதியின் பெயர் கோப்பைக்கும் வந்து சேர்ந்தது.

ஒரு விடுதிக்காரருக்கு நாய்ப் போட்டியில் என்ன அக்கறை?

விளையாட்டு ஆர்வமும் வியாபாரக் கணக்கும் அவரிடம் சேர்ந்தே இருந்தன என்று கொள்ளலாம். போட்டி பார்க்க வரும் கனவான்கள் எங்கேனும் தங்கியும் உண்டும் ஆகவேண்டும் அல்லவா! எய்ன்ட்ரீயில் நடக்கும் புகழ்பெற்ற கிராண்ட் நேஷனல் குதிரைப் பந்தயத்தின் தொடக்க வரலாற்றிலும் இதே லின்னின் பெயர் வருகிறது. செஃப்டன் பிரபுக் குடும்பத்தின் நிலத்தில்தான் அதுவும் நடந்தது, ஆல்ட்கார் போட்டியும் நடந்தது. கிராண்ட் நேஷனல் இன்றும் ஆண்டுதோறும் நடக்கிறது. அதன் உடன்பிறப்பைப் போன்ற நாய்ப் போட்டி மட்டும் நின்றுவிட்டது.

லின் இந்த விளையாட்டைப் புதிதாகக் கண்டுபிடித்துவிடவில்லை. இங்கிலாந்தின் முதல் கோர்சிங் சங்கம் 1776-இலேயே நார்ஃபோக் மாவட்டத்தின் ஸ்வாஃபம் ஊரில் ஆர்ஃபோர்ட் பிரபுவால் தொடங்கப்பட்டது. ஆல்ட்காரிலும் 1825 முதல் ஒரு சங்கம் இருந்தது. உறுப்பினர்களுக்குள் நடந்துவந்த பொழுதுபோக்கை, நாடே எதிர்பார்த்துக் காத்திருக்கும் போட்டியாக வளரக்கூடிய ஒரு வடிவத்தில் அமைத்ததுதான் லின் செய்தது. 1836-இல் எட்டு நாய்கள் மட்டுமே கலந்துகொண்டன. மிலானி என்ற நாய் வென்றது. அடுத்த ஆண்டு 16, அதற்கடுத்த ஆண்டு 32 என்று எண்ணிக்கை இரட்டித்தது. 1857-இல் 64 ஆனபின், கடைசிவரை அந்த எண்ணிக்கையே நிலைத்தது.

ஓர் ஓட்டம் எப்படி நடந்தது?

பிப்ரவரி மாதத்தில், ஈரம் ஊறிய தட்டையான வயல்களில் நடந்தது என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். வயலின் ஒரு முனையில் ஒரு மறைப்பு. அதன் பின்னே 'ஸ்லிப்பர்' எனப்படும் ஆள் இரண்டு நாய்களைப் பிடித்தபடி நிற்பார். ஒரு நாய்க்குச் சிவப்புக் கழுத்துப்பட்டை, மற்றதற்கு வெள்ளை. இரண்டும் ஒரே வாரில் இணைக்கப்பட்டிருக்கும். கயிற்றை ஒருமுறை இழுத்தால் இரண்டு பட்டைகளும் ஒரே கணத்தில் அவிழும். தொலைவில் ஆட்கள் வரிசையாக நடந்து முயல்களை வயலுக்குள் கலைத்துவிடுவார்கள். முயல் மறைப்பைக் கடந்து ஓடியதும் நாய்கள் அதைக் கண்டு முன்காலைத் தூக்கித் துள்ளும். ஆயினும் ஸ்லிப்பர் உடனே விடமாட்டார். இரண்டு நாய்களும் முயலைப் பார்த்துவிட்டன என்பதை உறுதிசெய்துகொண்டு, முயலுக்கு எண்பது கெஜத்துக்கு மேல் முன்தூரம் கொடுத்து, நாய்களோடு தானும் சில அடிகள் ஓடி, அதன்பிறகே கயிற்றை இழுப்பார். இதில் கணக்குத் தவறினால் போட்டியே கெட்டுவிடும் என்பதால், ஆல்ட்கார் ஸ்லிப்பராக நியமிக்கப்படுவது அந்தத் தொழிலில் பெரிய பெருமை.

பிறகு நடப்பது சராசரியாக அரை நிமிடம், கொஞ்சம் கூடுதலாகவும் இருக்கலாம். நேர்க்கோட்டில் நாய்க்கு வேகம் அதிகம். நாய் நெருங்கியதும் முயல் சட்டென்று திரும்பும். வேகத்தில் வந்த நாய் வழுக்கி அகன்று போக, பின்னால் வந்த இரண்டாவது நாய் உள்வட்டத்தில் புகுந்து முயலின் பின்னே ஒட்டிக்கொள்ளும். முயல் மறுபடி திரும்பினால் முதல் நாய்க்கு வாய்ப்பு. சிவப்புக் கோட்டு அணிந்த நடுவர் குதிரையை விரட்டியபடியே இவற்றையெல்லாம் மனத்துக்குள் கணக்கிட்டுவந்து, ஓட்டம் முடிந்ததும் சிவப்புத் துணியையோ வெள்ளைத் துணியையோ காட்டுவார். இரண்டு நாய்களும் சமம் என்று அவர் கருதினால் தலையிலிருந்து தொப்பியை எடுப்பார். விதிப்புத்தகத்திலேயே எழுதப்பட்டிருந்த சைகை அது.

முயலைக் கொன்ற நாய்தானே வென்றிருக்கும்?

பலரும் அப்படித்தான் எண்ணுகிறார்கள்; அது சரியன்று. 1858-இல் நிறுவப்பட்ட தேசிய கோர்சிங் கழகத்தின் விதிகளின்படி மதிப்பெண்கள் தனித்தனியே பிரிக்கப்பட்டிருந்தன. முயலை எட்டும் தொடக்க ஓட்டத்தின் வேகத்துக்கு ஒன்று முதல் மூன்று வரை. பின்தங்கிய நாய், நேர் ஓட்டத்தில் எதிரி நாயை முழு உடல் அளவு முந்திச் சென்றால் இரண்டு, வெளிவட்டத்தில் ஓடியபடி முந்தினால் மூன்று. முயலைச் செங்கோண அளவுக்குக் குறையாமல் திரும்பவைத்தால் ஒன்று. அதற்குக் குறைந்த கோணத்தில் விலகவைத்தால் அரை. முயலை இடறச் செய்தால் ஒன்று. பிடித்ததற்கும் மதிப்பெண் உண்டு என்றாலும், அதில் எவ்வளவு திறமை தெரிந்தது என்பதைப் பொறுத்து அது குறையும். ஒன்றுமே இல்லாமலும் போகும். உழைத்துத் திருப்பிய நாய் ஒன்று, வாய்க்கு வந்து விழுந்த முயலைக் கவ்விய நாய் மற்றொன்று என்றால், உழைத்த நாய்க்கே வெற்றி. பிடித்த நாய் தோற்ற ஓட்டங்கள் ஏராளம்.

இந்த விதிகளைப் படிக்கும்போது, நாயின் திறமையை இவ்வளவு நுட்பமாக அளந்த வேறொரு போட்டி இருந்ததா என்ற வியப்பு எனக்கு உண்டு. "கொல்வது எங்கள் நோக்கமன்று" என்று கோர்சிங்காரர்கள் சொன்னதும் பொய்யன்று. ஆனால் அந்தப் பதில் நாயைப் பற்றியதே தவிர முயலைப் பற்றியதன்று என்பதை அவர்கள் கடைசிவரை உணர்ந்ததாகத் தெரியவில்லை.

முதல் சுற்றிலேயே தோற்ற நாய்கள் வீடு திரும்பிவிடுமா?

இல்லை. 64 நாய்களில் முதல் சுற்றில் தோற்ற 32 நாய்களுக்கு 'வாட்டர்லூ பர்ஸ்' என்ற தனிப் போட்டியும், இரண்டாம் சுற்றில் தோற்ற 16 நாய்களுக்கு 'வாட்டர்லூ பிளேட்' என்ற போட்டியும் இருந்தன. கோப்பையை வெல்ல ஆறு சுற்றுகள் தாண்ட வேண்டும். மூன்று நாள்களுக்குள் ஒரு நாய் ஆறு முறை முழு மூச்சாக ஓடவேண்டியிருந்ததால், வேகம் மட்டுமே உள்ள நாய்கள் மூன்றாம் நாள் வரை தாக்குப்பிடிப்பது அரிது. முந்தைய ஓட்டத்தில் முயல் நீண்ட நேரம் ஓடவிட்டிருந்தால், அந்தக் களைப்போடு அடுத்த சுற்றுக்கு வரவேண்டும். எதிரி நாய்க்கோ முந்தைய ஓட்டம் சில நொடிகளில் முடிந்திருக்கலாம். அதிர்ஷ்டத்துக்கு இதில் தாராளமாகவே இடம் இருந்தது.

மாஸ்டர் மக்ராத் என்ற நாய்க்கு ஏன் இவ்வளவு புகழ்?

அயர்லாந்தின் வாட்டர்ஃபோர்ட் மாவட்டத்தில் 1866-இல் பிறந்த அந்த நாயின் எடை ஏறத்தாழ 54 பவுண்டு, அதாவது 25 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. கறுப்பு உடலில் அங்கங்கே வெள்ளை. பார்வைக்குச் சிறிய நாய். லர்கன் பிரபுவுக்குச் சொந்தமான அது 1868, 1869, 1871 ஆகிய மூன்று ஆண்டுகளில் கோப்பையை வென்றது. கோப்பையை மூன்று முறை வென்ற முதல் நாய் அதுவே. 1869 இறுதிச் சுற்றில் அது வீழ்த்திய பாப் அட் தி பௌஸ்டர் என்ற பெட்டை நாயும் சாதாரணமானதன்று.

இடையில் விடுபட்ட 1870-ஆம் ஆண்டின் கதையைத்தான் ஆல்ட்கார் வட்டாரத்தினர் அதிகம் சொல்வார்கள். அந்த ஆண்டு கடும் பனி. முதல் சுற்றிலேயே லேடி லயன்ஸ் என்ற நாயிடம் தோற்ற மக்ராத், உறைந்திருந்த ஆல்ட் ஆற்றின் பனிப்பாளம் உடைந்து தண்ணீருக்குள் விழுந்தது. ஸ்லிப்பர் இறங்கி அதை இழுத்துக் காப்பாற்றினார். இனி இந்த நாயை ஓடவிடுவதில்லை என்று உரிமையாளர் எண்ணியதாகச் சொல்வார்கள். ஆனால் மறு ஆண்டு அது திரும்பி வந்து பிரிடெண்டர் என்ற நாயை இறுதிச் சுற்றில் வென்றது. தன் வாழ்நாளில் ஓடிய 37 ஓட்டங்களில் அது தோற்றது அந்த ஒன்றில் மட்டுமே. வெற்றிக்குப் பின் விண்ட்சர் அரண்மனையில் விக்டோரியா அரசியார் முன் அதைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அதே ஆண்டு டிசம்பரில் அது இறந்தது.

இங்கிலாந்துப் பிரபுக்களின் நாய்களை ஓர் அயர்லாந்து நாய், அவர்கள் மண்ணிலேயே வந்து தோற்கடித்தது என்பதில் அயர்லாந்து மக்களுக்கு இருந்த பெருமிதம், நாயின் உரிமையாளரும் ஒரு பிரபுதான் என்பதைக் கூட மறக்கச் செய்தது. நாட்டுப்பாடல் எழுந்தது. டங்கார்வன் நகருக்கு அருகே சாலையோரத்தில் அந்த நாய்க்கு எழுப்பப்பட்ட நினைவுத்தூண் இன்றும் நிற்கிறது.

மக்ராத்தை விஞ்சிய நாய் உண்டா?

எண்ணிக்கையில் உண்டு. ஃபுல்லர்டன் என்ற நாய் 1890, 1891, 1892 என மூன்று ஆண்டுகள் தொடர்ச்சியாக வென்றது. அதற்கு முந்தைய 1889-இல் இறுதிச் சுற்றுக்கு வந்த இரண்டு நாய்களும், ஃபுல்லர்டனும் டிரௌஎண்டும், ஒரே உரிமையாளருடையவை என்பதால் ஓடாமலேயே கோப்பையைப் பகிர்ந்துகொண்டன. அந்த உரிமையாளர் கர்னல் ஜான் தாமஸ் நார்த். சிலி நாட்டு வெடியுப்பு வணிகத்தில் பெரும் பணம் சேர்த்து 'நைட்ரேட் அரசர்' என்று பெயரெடுத்தவர். ஃபுல்லர்டனை 850 கினி கொடுத்து வாங்கினார் என்பது அக்காலத்தில் பெரும் பேச்சாயிற்று. பிரபுக்களின் விளையாட்டில் புதுப் பணக்காரர்கள் வந்து அமர்ந்த காலத்தின் அடையாளம் அது.

வயல்வெளிப் போட்டிக்குக் கூட்டம் எப்படித் திரண்டது?

ரயிலும் சூதாட்டமும் காரணம். லிவர்பூல், மான்செஸ்டர் போன்ற தொழில் நகரங்கள் அருகிலேயே இருந்தன. அனுமதிச்சீட்டு வாங்கி அரங்கில் அமரவேண்டிய விளையாட்டும் அன்று இது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பல்லாயிரம் பேர் கரைமேடுகளில் நின்று பார்த்தார்கள். 64 நாய்களின் பட்டியல் வெளிவந்த நாளிலிருந்தே பந்தயம் கட்டுவது தொடங்கிவிடும்.

1926-இல் மின்முயல் வந்தபின் இந்தப் போட்டி ஏன் உடனே நிற்கவில்லை?

அமெரிக்காவில் ஓவன் பேட்ரிக் ஸ்மித் என்பவர் உருவாக்கிய இயந்திர முயல், 1926 ஜூலை 24 அன்று மான்செஸ்டரின் பெல் வூ அரங்கில் இங்கிலாந்துக்கு அறிமுகமாயிற்று. முதல் பந்தயத்தை மிஸ்ட்லி என்ற நாய் வென்றது. வேலை முடிந்து மாலையில் வந்து, விளக்கொளியில் அமர்ந்து, நாய்கள் சுற்றி ஓடுவதைப் பார்த்து, பந்தயமும் கட்டிவிட்டுப் போக முடிந்ததால் நகரத்துத் தொழிலாளர்கள் அங்கே குவிந்தார்கள். மக்கள் செல்வாக்கில் கோர்சிங் அன்றே பின்தங்கிவிட்டது என்று சொல்லலாம்.

ஆயினும் நின்றுபோகவில்லை. அரங்கப் பந்தயத்தில் முயல் எங்கே திரும்பும் என்பது நாய்க்கும் தெரியும், பார்ப்பவருக்கும் தெரியும். வளைந்த தண்டவாளம்தான் முயலின் வழி. அதில் வேகம் தெரியுமே தவிர அறிவு தெரியாது என்பது கோர்சிங்காரர்களின் வாதம். அவர்கள் எண்ணிக்கையில் குறைந்தாலும், நிலமும் செல்வாக்கும் உடையவர்களாகவும், நாய் வளர்ப்பில் தலைமுறை தலைமுறையாக ஊறியவர்களாகவும் இருந்தார்கள். அந்தப் பிடிவாதத்தினால் மேலும் எண்பது ஆண்டுகள் ஓடின.

எதிர்ப்பு எப்போது வலுப்பெற்றது?

விலங்குவதைக்கு எதிரான குரல் பழையது. கொடிய விளையாட்டுகளுக்கு எதிரான கழகம் 1924-இலேயே தொடங்கப்பட்டது. நாடாளுமன்ற அளவில் இது 1960-களின் இறுதியில்தான் கூர்மையடைந்தது. ஹெரால்டு வில்சனின் தொழிற்கட்சி அரசு கொண்டுவந்த தடை மசோதா, 1970 பொதுத்தேர்தல் வந்ததால் நிறைவேறாமல் போனது. 1975-இல் மீண்டும் ஒரு மசோதா மக்களவையில் நிறைவேறி, பிரபுக்கள் அவையில் முடங்கியது. அதன்பின் ஒவ்வொரு பிப்ரவரியிலும் ஆல்ட்கார் வயலின் ஒரு பக்கம் பார்வையாளர்களும், மறுபக்கம் பதாகை ஏந்திய எதிர்ப்பாளர்களும், நடுவில் காவலர்களும் என்றாயிற்று.

உண்மையில் எத்தனை முயல்கள் இறந்தன?

பிரிட்டன் அரசு அமைத்த பர்ன்ஸ் விசாரணைக் குழு 2000-ஆம் ஆண்டில் அளித்த அறிக்கை, தேசிய கோர்சிங் கழகத்தின் விதிகளுக்கு உட்பட்ட போட்டிகள் அனைத்தையும் சேர்த்து ஆண்டுக்கு ஏறத்தாழ 250 முயல்கள் கொல்லப்படுவதாகக் கணக்கிட்டது. ஓடவிட்ட முயல்களில் ஏறத்தாழ எட்டில் ஒன்றுதான் பிடிபடுகிறது என்று ஆதரவாளர்கள் சொல்லிவந்தார்கள். எண்ணிக்கை குறைவு என்பது உண்மையே. வயலைக் காக்கத் துப்பாக்கியால் சுடப்படும் முயல்கள் இதைவிடப் பன்மடங்கு. ஆனால் நாய்கள் துரத்திப் பிடித்துக் கொல்வது முயலின் நலனைக் கடுமையாகப் பாதிக்கிறது என்று அதே குழு முடிவுகூறியது. இரண்டு நாய்கள் இரு முனைகளிலும் பற்றி இழுக்கும் படங்கள் செய்தித்தாள்களில் வெளிவந்தபின், எட்டில் ஏழு தப்பியது என்ற கணக்கு எவர் காதிலும் ஏறவில்லை. போட்டி நடத்தியவர்கள் 250 என்ற எண்ணை வைத்துப் பேசினார்கள். எதிர்த்தவர்கள் ஒரே ஒரு முயலை வைத்துப் பேசினார்கள். பின்னவர்களின் வாதமே எனக்கும் சரியாகப் படுகிறது.

கடைசிப் போட்டி எப்போது நடந்தது? வென்ற நாய் எது?

வேட்டைத் தடைச் சட்டம் 2004 நவம்பர் 18 அன்று, பிரபுக்கள் அவையின் இசைவு இல்லாமலேயே, நாடாளுமன்றச் சட்டத்தின் சிறப்பு அதிகாரத்தைக் கொண்டு நிறைவேற்றப்பட்டு, 2005 பிப்ரவரி 18 அன்று நடைமுறைக்கு வந்தது. அதற்கு இரண்டு நாள் முன்பு, பிப்ரவரி 14 முதல் 16 வரை, கடைசி வாட்டர்லூ கோப்பை ஆல்ட்காரில் நடந்து முடிந்தது. வென்ற நாயின் பெயர் ஷஷி. நம் 'சசி' போல ஒலிக்கும் பெயர். வடமொழியில் சசி என்றால் முயலை உடையது, அதாவது நிலவு. முயல் துரத்தும் போட்டியின் கடைசி வெற்றியாளருக்கு இப்படியொரு பெயர் அமைந்தது தற்செயலே.

நாயை வைத்து முயல் வேட்டையாடுவதை மட்டும் தடுத்துவிட்டு அந்தச் சட்டம் நின்றுவிடவில்லை. கோர்சிங் போட்டியில் கலந்துகொள்வது, பார்க்கப் போவது, அதற்கு உதவுவது, தன் நிலத்தில் நடத்த இடங்கொடுப்பது ஆகிய அனைத்தும் தனித்தனிக் குற்றங்கள் ஆயின. வேறு பெயரில் தொடரலாம் என்ற வாசலும் இதனால் அடைபட்டது. ஸ்காட்லாந்தில் 2002-லேயே தடை வந்துவிட்டது.

இப்போது எங்கேனும் இந்த விளையாட்டு நடக்கிறதா?

அயர்லாந்துக் குடியரசில் நடக்கிறது. அங்கே வேலியிட்ட நீண்ட மைதானத்தில், முயல் தப்பிப்பதற்கான திறப்பு மறுமுனையில் அமைக்கப்பட்டிருக்கும்; 1993 முதல் நாய்களுக்கு வாய்க்கூடு கட்டாயம். ஆண்டுதோறும் பிப்ரவரி வாக்கில் கிளோன்மெல் நகரில் நடக்கும் தேசியப் போட்டிக்கு இப்போதும் பெரும் கூட்டம் சேர்கிறது. அதை நிறுத்தவேண்டும் என்ற கோரிக்கையும் கூடவே இருக்கிறது.

இங்கிலாந்தில் சட்டத்துக்குப் புறம்பாகவும் நடக்கிறது. கலப்பின நாய்களோடு இரவிலும் விடியலிலும் பிறர் வயல்களில் வண்டியை ஓட்டி நுழைந்து, முயலைத் துரத்தவிட்டு, பணம் கட்டும் கும்பல்கள் விவசாயிகளுக்குப் பெரும் தொல்லை. 2022-இல் இதற்கான தண்டனைகள் கடுமையாக்கப்பட்டன. இதில் நடுவரும் இல்லை, விதியும் இல்லை. பழைய போட்டியோடு இதைச் சேர்த்துப் பேசுவதைக் கோர்சிங்காரர்கள் விரும்புவதில்லை.

2005-க்குப் பிந்தைய வாட்டர்லூ கோப்பை முடிவுகள் சில இடங்களில் காணப்படுகின்றனவே?

அது வேறு போட்டி. இங்கிலாந்தின் பிளாக்பூல் நகரில் 1907 முதல் புல்தரையில் பந்து உருட்டும் விளையாட்டுக்கு இதே பெயரில் ஒரு கோப்பை வழங்கப்படுகிறது. அதற்கும் பெயர் வந்தது ஒரு வாட்டர்லூ ஹோட்டலிலிருந்துதான். ஆனால் அது பிளாக்பூலில் இருந்த விடுதி, லின்னின் லிவர்பூல் விடுதியன்று. வென்றவரின் பெயருக்குப் பக்கத்தில் நாயின் உரிமையாளர் பெயர் இல்லாவிட்டால், நீங்கள் பார்ப்பது பந்து உருட்டியவர்களின் பட்டியல் என்று கொள்ளலாம்.